டார்ச் விளக்கின் மின்கலத்துக்கும் சான்று கேளுங்கள்

மண்வெட்டி, களைக்கொத்து, மருந்து தெளிப்பான் ஆகியவற்றைப் பண்ணைக் கருவிகள் என்று கணக்கில் வைக்கிறோம். ஆனால் இரவில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் போகிற விவசாயி கையில் பிடித்துச் செல்லும் டார்ச் விளக்கை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. சந்தையில் கண்ணில் பட்டதை வாங்குகிறோம். கெட்டுப்போனால் வேறொன்று வாங்குகிறோம். இந்த அலட்சியம் சரியல்ல. விதை வாங்குவதில் காட்டும் கவனத்தில் பாதியையாவது டார்ச் விளக்கின் மின்கலம் வாங்குவதிலும் நாம் காட்ட வேண்டும்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் இரவில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. 1962ல் முதல் அனல் மின் உற்பத்தி தொடங்கியது. இன்றும் சுரங்கத்தின் வெளிச்சமும் நகரியத்தின் வெளிச்சமும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வானத்தில் தெரிகின்றன. ஆனால் கரும்புத் தோட்டத்து வரப்பில் கால் வைக்கிற இடம் இருட்டாகத்தான் இருக்கிறது. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மணிலா வயலில் காட்டுப்பன்றிக் காவலும், முந்திரி, பலாத் தோப்புகளில் அறுவடைக் காலக் காவலும் இரவு வேலைகளே.

இருட்டில் காத்திருக்கும் ஆபத்து என்ன என்பதை விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 2020ல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை நமது நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர். மத்திய அரசு 2024ல் இதற்கென ஒரு தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டு, 2030க்குள் இந்த மரணங்களைப் பாதியாகக் குறைப்பது என்று இலக்கு வைத்துள்ளது. கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரவில் நடமாடுபவை. காலில் செருப்பும் கையில் நம்பகமான விளக்கும் இருந்தால் தவிர்க்கக்கூடிய கடிகள் பல.

ஒரு விவசாயி கேட்ட கேள்வி

சென்ற கோடையில், குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் ஒரு கிராமத்துக்குக் கரும்புச் சாகுபடிக் கூட்டத்துக்காகப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் தமது டார்ச் விளக்கை என்னிடம் நீட்டினார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. மடை மாத்தப் போனவன் நடு வரப்புல நிக்கிறேன், லைட்டு பொட்டுனு நின்னுடுச்சு. போனும் வீட்டுல. ஒரு அடி எடுத்து வைக்கப் பயந்துக்கிட்டு, பையனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு" என்றார்.

உள்ளே இருந்த மின்கலத்தை எடுத்துப் பார்த்தேன். மேலுறையில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. பக்கத்து மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் வைத்தோம். 30 கிராம்தான் இருந்தது. "ஐயா, இதில் போட்டிருக்கிற எண் பொய். இந்த அளவு மின்கலத்தில் இவ்வளவு மின்சாரம் அடங்கவே அடங்காது" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "விதையில பொய் சொன்னா ஆபீசுல போய்க் கேக்கலாம். இதுக்கு யார்கிட்ட சார் போறது?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக விரிவாக்கப் பணியில் இருந்தும், விளக்கைப் பற்றி ஒரு விவசாயிக்குக்கூட நான் எதுவும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்கு நான் சொல்லத் தவறிய பதில்.

மூன்று வகை மின்கலங்கள்

நமது இளமைக் காலத்தில் இரண்டு செல், மூன்று செல் டார்ச்சுகள்தான் உண்டு. செல் தீர்ந்தால் வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். பிறகு சுவரில் செருகிச் சார்ஜ் செய்கிற விளக்குகள் வந்தன. அவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது மோட்டார் சைக்கிள் பேட்டரியைப் போன்ற ஈய அமிலக் கலம். எடை அதிகம். தீர்ந்த நிலையில் சில வாரங்கள் கிடந்தால் மறுபடி உயிர் பெறாது.

இப்போது வருகிறவை லித்தியம் அயனி மின்கலங்கள். 1991ல் ஜப்பானின் சோனி நிறுவனம் இவற்றை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த விஞ்ஞானிகள் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மாநிலத்திலும் இதில் பணி நடக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், தான் உருவாக்கிய லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை உள்நாட்டு உற்பத்திக்கு வழங்க 2018ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நெய்வேலி நிறுவனமே அந்தமானில் சூரிய மின் நிலையத்தோடு 8 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள பெரிய மின்கலத் தொகுதியை நிறுவியுள்ளது. ஆகவே இது அஞ்சி ஒதுக்க வேண்டிய பொருள் அல்ல. அறிந்து உபயோகிக்க வேண்டிய பொருள்.

இதன் நன்மைகள் மூன்று. எடை குறைவு. நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். சும்மா வைத்திருந்தாலும் மெதுவாகத்தான் இறங்கும். தீமை ஒன்றே. சிறிய உருளைக்குள் அதிக ஆற்றலையும், எளிதில் தீப்பற்றும் திரவத்தையும் வைத்து அடைத்திருக்கிறார்கள். நசுங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, இரு முனைகளும் ஏதேனும் உலோகத்தால் இணைந்துவிட்டாலோ உள்ளே வெப்பம் கூடித் தீப்பிடிக்கலாம். நல்ல தயாரிப்பில் இதைத் தடுக்கப் பல ஏற்பாடுகள் உண்டு. போலியில் அவற்றைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். விலை குறைவதன் ரகசியம் இதுவே.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

டார்ச் விளக்குகளில் அதிகம் காணப்படுவது 18650 என்ற வகை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். கடைசியில் உள்ள பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கும். இதன் சராசரி மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். முழுவதும் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட்.

இந்த அளவுள்ள கலத்தில் பெயர்பெற்ற உற்பத்தியாளர்கள் தருகிற கொள்ளளவு பொதுவாக 2000 முதல் 3500 மில்லி ஆம்பியர் மணி. அண்மையில் 4000ஐ ஒட்டியவையும் வந்துள்ளன. எனவே 5000, 6800, 9900 என்று எதைக் கண்டாலும் அது பொய் என்று முடிவு கட்டுங்கள். ஓர் ஏக்கரில் இருநூறு மூட்டை நெல் விளையும் என்று விதை விற்பவர் சொன்னால் நம்புவோமா? இதுவும் அப்படித்தான். 2500 என்று உண்மையாக அச்சடித்த மின்கலம், 9900 என்று பொய்யாக அச்சடித்ததைவிட மூன்று மடங்கு நேரம் எரியக்கூடும்.

எடை போட்டுப் பார்ப்பது எளிய சோதனை. நல்ல 18650 கலம் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். 35 கிராமுக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். உள்ளே சிறிய கலத்தை வைத்துப் பெரிய உறை போட்டிருப்பார்கள், அல்லது சரக்கே குறைவாக இருக்கும். எடை சரியாக இருந்தால் மட்டும் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த, ஆயுள் முடிந்த கலங்களுக்குப் புதுச் சட்டை போட்டு விற்பதும் உண்டு. அவற்றின் எடை சரியாகவே இருக்கும். முனைகளில் பற்றவைத்து எடுத்த தழும்பு, கீறல், துரு ஆகியவை இருந்தால் அது பழைய சரக்கு.

முத்திரையும் பதிவு எண்ணும்

சான்று விதை வாங்கும்போது நீல அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். மின்கலத்துக்கும் அதுபோன்ற அடையாளம் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டம் 2012ஆம் ஆண்டு ஆணையின் கீழ் வந்தது. பின்னர் லித்தியம் மின்கலங்களும் அதில் சேர்க்கப்பட்டன. மின்கலத்தின் மேலோ பெட்டியிலோ ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆங்கில 'ஆர்' எழுத்தைத் தொடர்ந்து எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சார்ஜரின் அடாப்டருக்கும் இத்தகைய பதிவு எண் கட்டாயம்.

முத்திரையையும் போலியாக அச்சடிக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழி உண்டு. செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியை இறக்கிக்கொண்டால், அந்தப் பதிவு எண்ணைத் தட்டி, அது எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கிற மகனோ மகளோ கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பில் வாங்குவதும் அவசியம். பில் இல்லாத பொருளுக்குப் புகார் செய்வது கடினம்.

யாருக்கு எது ஏற்றது?

எல்லோரும் ஒரே வகையை வாங்க வேண்டியதில்லை.

இரவில் பத்துப் பதினைந்து நிமிடம் மாட்டுக் கொட்டகைக்கும் மோட்டார் கொட்டகைக்கும் போய் வருகிறவருக்குத் தனியாகக் கழற்றிப் போடும் லித்தியம் கலமே தேவையில்லை. பென்சில் செல் அளவில் வரும் நிக்கல் வகை ரீசார்ஜ் செல்கள், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, இரண்டும் அதற்குரிய சார்ஜரும் போதும். இவை தீப்பிடிக்கும் அபாயம் மிகக் குறைவு. அவசரத்துக்குச் சாதாரண செல்லையும் அதே விளக்கில் போட்டுக்கொள்ளலாம்.

தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு, செல்போன் கம்பியையே செருகிச் சார்ஜ் செய்கிற லித்தியம் டார்ச் வசதியானது. மின்கலமும் சார்ஜ் ஏற்றும் சுற்றும் ஒரே உற்பத்தியாளரிடமிருந்து வருவதால் பொருத்தக் கோளாறு குறைவு. ஆனால் மின்கலத்தைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கலம் தேய்ந்ததும் விளக்கையே எறிய நேரிடும்.

இரவு முழுவதும் காவல் இருப்பவர்தான் தனி மின்கலங்களும் தனிச் சார்ஜரும் வைத்திருக்க வேண்டியவர். அவர் பாதுகாப்புச் சுற்று உள்ள கலத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலும், அளவுக்குக் கீழே இறங்கினாலும் அது தானே துண்டித்துக்கொள்ளும். அத்தகைய கலம் சில மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருக்கும். விளக்குக்குள் அடங்குகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கொள்ளளவு குறைவுதான். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் சக்தியும் ஆயுளும் அதிகம். அதன் மின்னழுத்தம் 3.2 வோல்ட். அதற்கு ஏற்ற விளக்கும் அதற்கென உள்ள சார்ஜரும் வேண்டும். சாதாரண லித்தியம் சார்ஜரில் அதைப் போடக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. 14500 என்ற லித்தியம் கலம் பார்வைக்குப் பென்சில் செல்லைப் போலவே இருக்கும். ஆனால் பென்சில் செல் 1.5 வோல்ட், இதுவோ 3.7 வோல்ட். ரேடியோவிலோ குழந்தைகளின் பொம்மையிலோ மாற்றிப் போட்டால் சாமான் எரிந்துபோகும்.

சார்ஜர்தான் முக்கியம்

மின்கலத்துக்குப் பணம் செலவழித்துவிட்டு, சார்ஜரில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது நம்மவர் வழக்கம். ஏரியில் தண்ணீர் நிறைந்ததும் மதகை மூட ஆள் வேண்டும் அல்லவா? சார்ஜர்தான் அந்த ஆள். 4.2 வோல்ட்டை எட்டியதும் அது தானே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கிற மட்டமான சார்ஜர், நல்ல மின்கலத்தையும் வெடிகுண்டாக்கிவிடும்.

நல்ல சார்ஜரை இப்படி அறியலாம். பதிவு எண் உள்ள செல்போன் அடாப்டரில் யூ.எஸ்.பி. கம்பி வழியாக வேலை செய்யும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகக் கவனிக்கும். எந்த வகைக் கலத்துக்கு உரியது, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பதெல்லாம் மேலே எழுதியிருக்கும். முடிந்ததும் சிவப்பு விளக்கு பச்சையாக மாறும். 18650 கலத்துக்கு அரை முதல் ஒரு ஆம்பியர் போதும். மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் நிறையும். உங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருக்கும். புதிய சார்ஜரில் முதல் முறை ஏற்றியதும் கலத்தை அவரிடம் காட்டி அளந்து பாருங்கள். 4.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. 4.25க்கு மேல் காட்டினால் அந்தச் சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நெடுநாள் கிடந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப்போன கலத்தை மறுபடி ஏற்ற முயல வேண்டாம்.

சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுகிற இரண்டு முள் மலிவு விளக்குகளில் இன்னோர் அபாயம் உண்டு. அவற்றில் பலவற்றின் உள்ளே 230 வோல்ட்டுக்கும் மின்கலத்துக்கும் இடையே சரியான காப்பு கிடையாது. செருகிய நிலையில் அதைத் திறப்பதோ, ஈரக் கையால் தொடுவதோ உயிருக்கு ஆபத்து.

எங்கே வைத்துச் சார்ஜ் செய்வது?

கூரை வேய்ந்த மோட்டார் கொட்டகையில், வைக்கோலுக்கும் உரமூட்டைக்கும் டீசல் கேனுக்கும் நடுவே வைத்துச் சார்ஜ் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிற்றுக் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. இரண்டும் கூடாது. வீட்டில் சிமெண்டுத் தரையில், அல்லது ஓட்டின் மீதோ மண் தட்டின் மீதோ வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். காலையில் மாடு கறக்கும் நேரத்தில் போட்டு, வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுவது உத்தமம். 45 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடத்தில் லித்தியம் கலத்தைச் சார்ஜ் செய்யக்கூடாது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் தகரக் கொட்டகைக்குள்ளும் நிறுத்திய டிராக்டரின் பெட்டிக்குள்ளும் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். சூரியத் தகட்டில் சார்ஜ் செய்பவர்கள் தகட்டை வெயிலிலும் மின்கலத்தை நிழலிலும் வைக்க வேண்டும்.

தனிக் கலத்தைச் சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மேலுறை கிழிந்தது, பள்ளம் விழுந்தது, உப்பியது, கசிந்தது, சார்ஜ் ஏறும்போது கை பொறுக்காத அளவு சுடுவது ஆகிய எதையும் தொடர்ந்து உபயோகிக்கக் கூடாது. இரண்டு கலம் போடுகிற விளக்கில் புதியதையும் பழையதையும் கலக்க வேண்டாம். சில மாதங்கள் உபயோகம் இல்லையென்றால், பாதி சார்ஜில் கழற்றி நிழலான இடத்தில் வையுங்கள்.

ஒருவேளை புகைந்தால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அதன் புகை நச்சுப் புகை, கிட்டே போய் மூச்சு விடாதீர்கள். மின்சாரம் நின்றபின் தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். அணைந்தது போல் இருந்து மறுபடி பற்றும் குணம் அதற்கு உண்டு. ஆகவே உடனே கையில் எடுக்கக் கூடாது.

செலவுக் கணக்கு

இவ்வளவு சொல்கிறீர்களே, விலை என்ன ஆகும் என்று கேட்பது நியாயம். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கு வழி மட்டும் சொல்கிறேன். 120 ரூபாய்ப் போலிக் கலம் நான்கு மாதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுக்கு ஒன்பது கலம், 1080 ரூபாய். 400 ரூபாய் நல்ல கலமும் 400 ரூபாய் நல்ல சார்ஜரும் மூன்று ஆண்டு வந்தால் 800 ரூபாய்தான். ஒழுங்கான லித்தியம் கலம் 300 முதல் 500 முறை முழுச் சார்ஜ் தாங்கும். வாரம் இரண்டு முறை ஏற்றினால் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் முறைதான். ஆகவே மூன்று ஆண்டு என்பது மிகைக் கணக்கு அல்ல.

மின்சாரச் செலவு ஒரு பொருட்டே அல்ல. 3000 மில்லி ஆம்பியர் மணிக் கலத்தில் அடங்குவது சுமார் 11 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 15 என்று கொண்டாலும், ஒரு யூனிட் மின்சாரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட முறை சார்ஜ் செய்யலாம். மூன்று வாட் எல்.இ.டி. விளக்கு ஒரு சார்ஜில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரியும். நெய்வேலியில் ஒரு யூனிட் உற்பத்திக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி செலவாகிறது. அப்படியானால் உங்கள் ஒரு இரவு வெளிச்சத்துக்கு வேண்டியது 15 கிராம் நிலக்கரி!

பொறுப்பு யாருடையது?

மேலே சொன்ன அனைத்தும் விவசாயி செய்ய வேண்டியவை. ஆனால் எல்லாப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவது நியாயமல்ல என்பது எனது உறுதியான கருத்து. அரை ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு டார்ச் வாங்க எடையும் போட்டு, எண்ணும் பார்த்து, மல்டிமீட்டரும் பிடிக்க வேண்டும் என்றால், விற்பவருக்கும் எங்களைப் போன்றோருக்கும் என்ன வேலை?

முதலாவதாக, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உரமும் விதையும் விற்பது போல, பதிவு பெற்ற இரண்டு வகை டார்ச், ஒரு வகை மின்கலம், ஒரு வகைச் சார்ஜர் ஆகியவற்றை வாங்கி வைத்து விற்கலாம். மொத்தமாக வாங்கும்போது விலையும் குறையும். சங்கம் விற்றது என்றால் கேட்க ஓர் இடமும் இருக்கும்.

இரண்டாவதாக, நாங்கள் நடத்தும் பயிற்சிகளிலும் வயல் விழாக்களிலும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்க வேண்டும். தெளிப்பான் முனையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாங்கள், உயிரைக் காக்கிற விளக்கைப் பற்றிப் பேசாதிருந்தது குறைதான். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் ஒரு தராசும் ஒரு மல்டிமீட்டரும் வைத்து, விவசாயிகள் கொண்டுவரும் மின்கலங்களைச் சோதித்துக் கொடுத்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

மூன்றாவதாக, கடைக்காரர்கள். நெய்வேலி நகரியத்திலும் மந்தாரக்குப்பத்திலும் வடலூரிலும் கடை வைத்திருப்பவர்கள் சுற்றுவட்டார விவசாயிகளை நம்பித்தான் பிழைக்கிறார்கள். பதிவு எண் இல்லாத சரக்கை வாங்கி அடுக்குவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தால் பாதிப் பிரச்னை தீரும்.

விலை மலிவாகக் கிடைப்பதால்தானே ஏழை விவசாயியும் டார்ச் வாங்க முடிகிறது, கட்டுப்பாடு வந்தால் அதுவும் கிடைக்காமல் போகாதா என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆகவேதான் எல்லோரும் விலை கூடிய லித்தியம் விளக்கு வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறைந்த விலையில் நேர்மையான பொருள் உண்டு. பாதி வெளிச்சம் தந்தாலும் சொன்ன நேரம் எரிகிற விளக்கு போதும். ஆனால் குறைந்த விலையில் பொய் விற்பதை ஏழைக்குச் செய்யும் உதவி என்று ஏற்க முடியாது. முளைக்காத விதை மலிவாகக் கிடைத்தால் யாருக்கு லாபம்?

அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். யாரிடம் போவது? பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். முத்திரை போலி என்று தெரிந்தால் 'பி.ஐ.எஸ். கேர்' செயலி வழியாகவே தர நிர்ணய அமைவனத்துக்குப் புகார் அனுப்பலாம். ஒருவர் புகார் செய்தால் ஒரு கடை திருந்தும். ஓர் ஊரே செய்தால் சரக்கு வருகிற வழியே அடைபடும்.

ஆயுள் முடிந்த கலத்தை வயலில் எறியாதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள். 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. முனைகளில் டேப் ஒட்டி, டப்பாவில் சேர்த்துவைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எவ்வளவு நல்ல விளக்கும் ஒருநாள் நிற்கும். இடுப்பில் செல்போனோ சிறிய மாற்று விளக்கோ இல்லாமல் இரவில் வயலுக்கு இறங்காதீர்கள். அப்படியும் பாம்பு தீண்டிவிட்டால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது உண்மையான 2600 என்று அச்சடித்த கலம் ஒன்று போட்டிருக்கிறார். அண்மையில் பார்த்தபோது, "எண்ணு சின்னதா இருக்கு சார், ஆனா மடை மாத்திட்டு வீட்டுக்கு வர்ற வரைக்கும் எரியுது" என்றார். விவசாயிக்கு வேண்டியது அவ்வளவுதான். அடுத்த முறை மின்கலம் வாங்கும்போது, பதிவு எண் எங்கே என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.